இளமையில் பட்ட புண்



1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி வந்த குமுதினிப் படகிலே இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டுண்டு மாண்டனர். 1990இல் தீவக மக்கள் பலர் வீடு வாசலை விட்டு ஓடினர். மாண்டோரை ஆண்டுதோறும் நினைக்கிறோம். அந்நாள்களில் தாய் தந்தையரை இழந்த பாலகர் இன்று நடுவயதினர். அவர்களை நினைக்கிறோமா?

நம்மூரில் ஒருவர் உறக்கமும் ஊணும் குறைந்து, பெருமூச்செறிந்து, ஒரு வேலையிலும் மனம் பற்றாமல் இருந்தால், "சோம்பேறி" என்கிறோம். "கிரக தோஷம்" என்கிறோம். வைத்தியர் இதனை மனச்சோர்வு நோய் என்பர். இதன் வேர் பலருக்கு இளமையிலே இருக்கிறது. போர் ஈழத் தமிழர் மனத்தில் விளைத்த வடுக்களைப் பற்றி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலொன்று வெளியிட்டார்.

அதே ஆண்டில் அமெரிக்க வைத்தியர் பெலிற்றி முதலியோர், வளர்ந்தோர் பல்லாயிரவரிடம் இளமைத் துன்பங்களை வினாவிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அவர்கள் கேட்டது போரைப் பற்றியன்று, வீட்டைப் பற்றி. அடி, ஏச்சு, பாலியற் கொடுமை, தாய் அடிபடக் காணல், வீட்டிலே குடி போன்றவற்றுள் நான்கோ அதற்கு மேலோ பட்டவருக்கு, ஒன்றும் படாதவரிலும் மனச்சோர்வு நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேலெனக் கண்டனர். பிள்ளை நாள்தோறும் அஞ்சி வாழ்ந்தால், ஆபத்து நீங்கிய பின்னும் அதன் உடலும் மூளையும் காவலிலேயே நிற்கப் பழகிவிடுகின்றன.

போர் 2009இல் முடிந்தது. நம் வீடுகளில் அடி முடிந்ததா? "அடியாத மாடு படியாது" என்பது மாட்டுக்குச் சொன்னது. பிள்ளைக்கு அது பொருந்தாது.

துன்பமுற்றோர் எல்லோரும் நோயுறுவதில்லை. அன்போடு செவிகொடுக்கும் பெரியவர் ஒருவர் அருகிருந்தால் பிள்ளை தாங்கி எழ அது பெருந்துணையாகும். வந்த நோயும் ஆறுதலான பேச்சினாலும் மருந்தினாலும் தணியும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

இளைஞர்காள்! சங்கத்துக்கு வரும் பிள்ளை ஒன்று பேசாது ஒதுங்கினால், அருகே அமருங்கள். அது சொல்வதை நம்புங்கள். பெரியோர்களே! சோர்ந்திருக்கும் அயலவரைப் பழியாது, வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். கோயிலுக்குத் துணை போகும் நாம், வைத்தியசாலைக்கும் துணை போவோம். அதுவும் தொண்டே.