காற்றுக்கு வேலை கொடுத்த மெக்கானிக்

அமெரிக்காவில் நியூயார்க்கிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் காரில் போகிறவர்கள் 95ஆம் எண் நெடுஞ்சாலையில் வட கரோலினா மாநிலத்தைக் கடப்பார்கள். பெரும்பாலும் பெட்ரோல் போடத்தான் அங்கே நிற்பார்கள். அந்தச் சாலையை விட்டுச் சற்றுக் கிழக்கே திரும்பினால் வில்சன் என்ற ஊர் வரும். ஒரு காலத்தில், உலகத்திலேயே பெரிய புகையிலைச் சந்தை நான்தான் என்று மார்தட்டிக்கொண்ட ஊர். அந்த வியாபாரம் படுத்த பிறகு, பழைய கடைவீதிப் பக்கம் 2017 நவம்பரில் ஒரு பூங்காவைத் திறந்தார்கள். வாருங்கள், உள்ளே போவோம்.

புல்வெளியில் சுமார் முப்பது இரும்புக் காற்றாடிகள் நிற்கின்றன. சில ஐம்பது அடி உயரம். காற்று அடித்தால் முதலில் காதுக்குத்தான் சேதி வரும்: கிறீச்சென்று ஒன்று, கடகடவென்று இன்னொன்று. பிறகு நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேர் ரம்பம் இழுத்து மரம் அறுக்கிறார்கள். ஒருவன் கிட்டார் வாசிக்கிறான். விமானம், வாத்து, சைக்கிள் ஓட்டி எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் காற்றுதான் சம்பளமில்லாத வேலைக்காரன்.

பொறுமையாக நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அகலமான வால்தகட்டைக் காற்று தள்ள, டன் கணக்கில் எடையுள்ள மொத்த உருவமும் பேரிங்கின்மேல் திரும்பித் தன் முகத்தைக் காற்றுக்குக் காட்டுகிறது. அதன்பின் விசிறிகள் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியை ஒரு வளைந்த கம்பி முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுவதால்தான் அந்த ரம்பம் ஓடுகிறது. எதையும் மூடி மறைக்கவில்லை. சிற்பத்தை ரசிப்பதும் இயந்திரத்தைப் படிப்பதும் இங்கே ஒரே வேலைதான்.

செய்தவர் பெயர் வொலிஸ் சிம்சன். 1919இல் பிறந்தவர். பக்கத்திலுள்ள லுக்காமாவில் பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். வீடுகளை அப்படியே பெயர்த்து வேறிடத்துக்கு நகர்த்தும் தொழிலும் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் சைப்பான் தீவில் இருந்தபோது, உடைந்துபோன பி-29 குண்டுவீச்சு விமானத்தின் பாகங்களை எடுத்துக் காற்றாலை ஒன்று கட்டினார். எதற்கு? துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்ட! கலைக்கல்லூரி எதுவும் தரமுடியாத தொடக்கம் இது என்பது என் கருத்து.

தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தப் பெரிய காற்றாடிகளில் இறங்கினார். பட்டறையில் மிஞ்சிய இரும்பு, பழைய மின்விசிறி, சைக்கிள் பாகங்கள், சாலைப் பலகைகள் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் மேலே ஏறின. சாலைப் பலகைகளின் ஒளி திருப்பும் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டிக் காற்றாடிகளின் உடம்பெங்கும் ஒட்டினார். அப்போது அவை லுக்காமாவில் அவருடைய பட்டறையோரம் நின்றன. இரவில் அந்தச் சாலைச் சந்திப்புக்கு வரும் கார்களின் விளக்கு பட்டதும் வயலோரம் முழுவதும் பற்றி எரிவதுபோல் மின்னுமாம். அதைப் பார்க்கவே இளவட்டங்கள் வண்டி எடுத்து வருவார்கள். பேய்க்கதைகளும் கூடவே கிளம்பின.

சுழலும் இரும்புக்கு எண்ணெயும் கிரீஸும் வேண்டும். தொண்ணூறு வயதுக்காரர் எத்தனை நாள் கம்பத்தில் ஏறமுடியும்? சாயம் வெளுத்தது, பேரிங்குகள் துருப்பிடித்து இறுகின. 2010 வாக்கில் ஊரார் முன்வந்து, அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, வில்சனுக்குக் கொண்டுவந்து பழுது பார்க்கத் தொடங்கினார்கள். சிம்சன் 2013 மே மாதம், 94ஆம் வயதில் காலமானார். பூங்காவின் திறப்பு விழாவை அவர் பார்க்கவில்லை. அவர் மறைந்த அதே ஆண்டு இந்தக் காற்றாடிகளை மாநிலத்தின் அதிகாரபூர்வ நாட்டார் கலையாக வட கரோலினா அறிவித்தது.

பகலில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இருட்டிய பிறகு மறுபடி வாருங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். அந்தத் தகடுகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஆகவே டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காமல் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். அப்போதுதான் முழு வெளிச்சமும் உங்களுக்குக் கிடைக்கும். வில்சன் வரை போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பால்டிமோர் நகரில் அமெரிக்கன் விஷனரி கலை அருங்காட்சியகத்தின் வெளியே சிம்சனின் காற்றாடி ஒன்று, 55 அடி உயரத்தில் நிற்கிறது. அதைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.