ஒற்றை வரிசையில் நிற்கும் அணுக்கள்



1931ஆம் ஆண்டு ஜூன் மாதம். ரோம் நகரில் என்ரிகோ ஃபெர்மியின் ஆய்வுக்குழுவோடு தங்கியிருந்த ஹான்ஸ் பெத்தே என்ற ஜெர்மானிய இளைஞர் ஓர் ஆய்வுக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 24. ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிற்கும் அணுக்களின் காந்தத் தன்மையை அதில் அவர் கணக்கிட்டிருந்தார். தலைப்பிலேயே ‘முதல் பகுதி’ என்று போட்டிருந்தார். இதே முறையை முப்பரிமாணப் படிகங்களுக்கும் விரிக்கப்போவதாகக் கட்டுரையின் முடிவில் எழுதியும் இருந்தார். இரண்டாம் பகுதி கடைசிவரை வரவில்லை.

பெத்தே சோம்பியிருந்தவர் அல்லர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விண்மீன்களுக்குள் ஆற்றல் பிறக்கும் விதத்தைக் கண்டு சொன்னதற்காக 1967இல் நோபல் பரிசு பெற்றார். அப்படிப்பட்டவராலும் அந்த இரண்டாம் பகுதியை எழுத முடியாமல் போனதற்குக் காரணம், அவருடைய முறை ஒற்றை வரிசைக்கு மட்டுமே பொருந்தியதுதான். அந்த ஒற்றை வரிசைக் கணக்கு ஏன் இன்றும் போற்றப்படுகிறது என்பதே இந்த உரையின் செய்தி.

சிக்கல் இதுதான். சில படிகங்களில் ஒவ்வோர் அணுவும் ஒரு சின்னஞ்சிறு காந்தம்போல நடந்துகொள்கிறது. எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது தற்சுழற்சி, அதற்குக் காரணம். அது மேல்நோக்கி இருக்கலாம், கீழ்நோக்கி இருக்கலாம். பக்கத்து அணுவின் ஸ்பினோடு அது எப்படி உறவாடும் என்பதற்கு வெர்னர் ஹைசன்பெர்க் 1928இல் எளிய மாதிரி ஒன்றைக் கொடுத்தார். மாதிரி எளிதே தவிர, கணக்கு எளிதன்று. 10 அணுக்கள் இருந்தால் 1,024 நிலைகள். 20 அணுக்கள் என்றால் பத்து லட்சத்துக்கும் மேல். 300 அணுக்களுக்கு வரும் எண்ணிக்கை, கண்ணுக்கும் கருவிக்கும் எட்டும் பேரண்டத்தில் உள்ள மொத்த அணுக்களையும் மிஞ்சிவிடும். குவாண்டம் விதிப்படி இந்த நிலைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கலாம். எவ்வளவு பெரிய கணினியானாலும் ஒவ்வொன்றாக எண்ணித் தீர்க்க முடியாது.

பெத்தே எண்ணித் தீர்க்க முற்படவில்லை. எல்லா ஸ்பின்களும் மேல்நோக்கி இருக்கும் வரிசையில் ஒன்றை மட்டும் கீழே திருப்பினால், அந்தத் திருப்பம் ஓர் அலையாக வரிசையில் ஓடும். இரண்டைத் திருப்பினால் இரண்டு அலைகள். அவை எதிரெதிரே வந்து மோதும். இங்கேதான் ஒற்றைப் பரிமாணம் கைகொடுக்கிறது. குறுகலான வயல் வரப்பில் எதிரெதிரே வரும் இருவர் சுற்றிப் போக வழியில்லாமல் நேருக்கு நேர் சந்தித்தே ஆகவேண்டும் அல்லவா? அப்படித்தான் இந்த அலைகளும். மோதலுக்குப் பிறகு அவற்றின் வேகங்கள் புதிதாகச் சிதறுவதில்லை. இருந்த வேகங்களே இருக்கின்றன, அலையின் கட்டம் மட்டும் சற்று நகர்கிறது. மூன்று, நான்கு, நூறு அலைகள் சேர்ந்தாலும் எல்லா மோதல்களையும் இரண்டிரண்டாகப் பிரித்துவிடலாம் என்று பெத்தே ஊகித்தார். அந்த ஊகம் சமன்பாட்டுக்குள் அப்படியே பொருந்தியது. கோடானுகோடி நிலைகளைக் கட்டி மேய்க்க வேண்டிய இடத்தில், ஒவ்வோர் அலைக்கும் ஓர் எண் என்ற அளவில் சில சமன்பாடுகளே மிஞ்சின. இயற்பியலாளர்கள் இதைப் ‘பெத்தே அன்சாட்ஸ்’ என்று அழைக்கிறார்கள்.

எல்லா அணு வரிசைகளுக்கும் இந்தப் பேறு கிடையாது. பக்கத்து அணுவோடு மட்டுமின்றி அடுத்ததற்கு அடுத்த அணுவோடும் உறவை நுழைத்தால் இந்தப் பிரிப்பு பொதுவாகக் குலைந்துவிடும். மோதல்களை இரண்டிரண்டாகப் பிரிக்க எப்போது முடியும் என்பதற்கான நிபந்தனையை 1967இல் சீன-அமெரிக்க இயற்பியலாளர் சி. என். யாங் எழுதினார். சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் ராட்னி பாக்ஸ்டர் வேறொரு திசையிலிருந்து அதே சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். யாங்-பாக்ஸ்டர் சமன்பாடு என்று பெயர் பெற்ற அது, பின்பு கணிதத்தில் ஒரு தனித் துறைக்கே வித்திட்டது.

துல்லியமான விடை எதற்கு, தோராயம் போதாதா என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். அடுத்தடுத்த ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க விரும்பும் எதிர்ஃபெரோகாந்த வரிசை ஒன்று. மேல், கீழ், மேல், கீழ் என்று அவற்றை நிறுத்திவைத்தால் ஓர் அணுவுக்கு ஆற்றல், அவற்றின் உறவு வலிமையை அலகாகக் கொண்டு, மைனஸ் 0.25. சுவீடனைச் சேர்ந்த லாமெக் ஹுல்தேன் 1938இல் பெத்தேயின் முறையைக் கையாண்டு உண்மையான விடையைக் கண்டார்: மைனஸ் 0.443. வித்தியாசம் சில்லறை அன்று. மேல்-கீழ் என்று நாம் மனத்தில் வரையும் படம், ஒற்றை வரிசையில் நிலைக்கவே நிலைக்காது என்பதுதான் அதன் பொருள். இன்றும் புதிய தோராய முறையோ கணினி நிரலோ உருவானால், முதலில் இந்த எண்ணை அது தருகிறதா என்றுதான் உரசிப் பார்க்கிறார்கள்.

துல்லியமான விடை கையில் இருந்தும் அதன் பொருள் விளங்க அரை நூற்றாண்டு பிடித்தது. இந்த வரிசையில் ஒரு ஸ்பினைத் திருப்பினால் பிறக்கும் கிளர்ச்சி, ஒரு முழு அலகு ஸ்பினைச் சுமக்கும் ஒற்றை அலை என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1981இல் லெனின்கிராடு நகரின் லுட்விக் ஃபதேயெவ், லியோன் தக்தஜான் இருவரும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஸ்பின் அலையின் ஸ்பின் எவ்வளவு என்ற கேள்வியே அதன் தலைப்பு. அவர்கள் கண்ட விடை: அரை. திருப்பிய இடத்தில் எழும் கலக்கம் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் தன் போக்கில் ஓடுகிறது. அந்தப் பாதிக்கு ஸ்பினான் என்று பெயர். ஒரு முழு அலகு மாற்றம் இரண்டு அரைகளாக உடைந்து வெவ்வேறு பக்கம் போவது, முப்பரிமாணக் காந்தங்களில் வழக்கமாகக் காணாத காட்சி.

இது வெறும் தாளில் எழுதிய கணக்கா? சந்தேகம் நியாயமானது, அணுக்களை எங்கே ஒற்றை வரிசையில் நிறுத்துவது? இயற்கையே நிறுத்திவைத்திருக்கிறது. சில படிகங்களில் தாமிர அணுக்கள் ஒரு திசையில் மட்டும் வலுவாக உறவாடி, மற்றத் திசைகளில் ஏறக்குறைய ஒட்டாமல் இருக்கின்றன. பொட்டாசியம், தாமிரம், ஃபுளோரின் சேர்ந்த படிகத்தில் நியூட்ரான் கற்றைகளைச் செலுத்தி, ஸ்பினான்களின் தடயத்தை 1990களிலேயே கண்டார்கள்.

மனத்தைக் கவரும் சோதனை 2013இல் வெளிவந்தது. அதில் பயன்பட்ட பொருள் மயில்துத்தம். பள்ளி ஆய்வகத்தில் நீலப் படிகம் வளர்க்கப் பயன்படுவதும், சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக விவசாயிகள் பயிருக்குத் தெளிப்பதும் அதே காப்பர் சல்பேட்தான். நியூட்ரான் சோதனைக்கு ஏற்றபடி, அதன் நீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியத்தை வைத்திருந்தார்கள். அந்தப் படிகத்திலுள்ள தாமிர அணுக்களில் ஒரு பாதி ஒற்றை வரிசைகளாக அமைந்துள்ளன. தனிச்சுழிய வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து நியூட்ரான்களைப் பாய்ச்சியபோது, சிதறிய நியூட்ரான்களின் வரைபடம் கோட்பாட்டோடு ஒத்துப்போனது. சிதறலில் நூற்றுக்கு ஏறக்குறைய 73 பங்கு இரண்டிரண்டு ஸ்பினான்களால் வரும் என்றும், நான்கு ஸ்பினான்களின் பங்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிடும் என்றும் பெத்தேயின் வழியில் கணித்திருந்தார்கள். அந்த நான்கு ஸ்பினான் பங்கும் அளவீட்டில் தெரிந்தது.

குளிர்ந்த அணுக்களின் உலகத்திலும் இதே கதை நடந்தது. எலியட் லீப், வெர்னர் லினிகர் இருவரும் 1963இல் ஒரு கோட்டில் அடைபட்டு ஒன்றையொன்று தள்ளிவிடும் துகள்களின் வாயுவைத் துல்லியமாகத் தீர்த்தார்கள். 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைஸ் குழுவினர், லேசர் ஒளியால் அமைத்த மெல்லிய குழாய்களுக்குள் ரூபிடியம் அணுக்களை அடைத்து எதிரெதிரே மோதவிட்டார்கள். சாதாரண வாயு என்றால் சில மோதல்களிலேயே வேகங்கள் கலந்து வெப்பச் சமநிலை வந்துவிடும். இங்கே ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் அது வரவில்லை. 1931இல் ஊகமாக எழுதிய விதியை அணுக்கள் ஆய்வகத்தில் செய்து காட்டிய சோதனை அது.

இந்தத் துறையில் இந்தியர்களின் பங்கும் பெரிது. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் 1969இல், அடுத்ததற்கு அடுத்த அணுவின் உறவு பாதி வலிமையில் இருந்தால் வரிசையின் தாழ்நிலையை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட நிலையை, ஒரே வரியில் எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். பெத்தேயின் முறை செல்லாத இடத்தில் கிடைத்த துல்லிய விடை அது. ஹைசன்பெர்க் வரிசையைத் தொடர்ச்சியான ஒரு கோடாகக் கருதினால் கிடைக்கும் சமன்பாடும் முழுமையாகத் தீர்க்கத்தக்கதே என்று 1977இல் எழுதியவர் மு. லட்சுமணன். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பின்னாளில் அவர் வளர்த்த ஆய்வுக்குழு உலகறிந்தது.

முப்பரிமாண ஹைசன்பெர்க் காந்தத்துக்கு இன்றுவரை துல்லியத் தீர்வு இல்லை. பெத்தே வாக்களித்த பகுதி இன்னும் காலியாகவே கிடக்கிறது.

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு ஸ்பின்களை ஒரு வளையமாக வைத்து, எதிர்ஃபெரோகாந்தத் தாழ்நிலையைக் கையாலேயே கணக்கிடுங்கள். ஓர் அணுவுக்கு மைனஸ் 0.5 வரவேண்டும். பிறகு ஆறு ஸ்பின்கள். அதற்கு மைனஸ் 0.467. எட்டு, பத்து என்று கணினியில் தொடருங்கள்; எண்கள் படிப்படியாக ஹுல்தேன் கண்ட 0.443 என்ற அளவை நோக்கி இறங்கும். ஒரு மாலை நேரமும் ஒரு சாதாரண மடிக்கணினியும் இதற்குப் போதும்.