ரயில் போன வழியில நாலு நாள், ரெண்டு சைக்கிள்

(எபிசோடில் பேசியதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சைக்கிள்ல 240 கிலோமீட்டர் போனோம்னு சொன்னா முதல் கேள்வி, "நீங்க தினமும் ஜிம் போற ஆளா?" இல்லைங்க. எனக்கு மூணாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். நாங்க போனது ரயில் டிரெயில்ல. ரயில் நின்னுபோன பாதையில தண்டவாளத்தை எடுத்துட்டு, நடக்கவும் சைக்கிள் விடவும் போட்ட வழி. காரும் கிடையாது, பைக்கும் கிடையாது.

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல ஆரம்பிச்சு மேரிலாந்துல கம்பர்லாந்துங்கிற ஊர்ல முடியுற இந்தப் பாதைக்கு கிரேட் அலிகேனி பாசேஜ்னு பேர். மொத்தம் 150 மைல். நடுவுல மலைத்தொடரைத் தாண்டணும், உச்சி 2,392 அடி. ஆனா கஷ்டமே தெரியாது. ஏன்னா நீராவி எஞ்சினுக்கு செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதுக்காக அந்தக் காலத்துல மலையைக் குடைஞ்சு, பள்ளத்துக்குப் பாலம் போட்டு, ஏற்றத்தை மைல் கணக்குல நீட்டி வெச்சிருக்காங்க. பிட்ஸ்பர்க் பக்கமிருந்து போனா சுமார் 1,700 அடி ஏற்றம், அது 126 மைலுக்குப் பரவியிருக்கு. எஞ்சினுக்காக யாரோ பார்த்த வேலை, நூறு வருஷம் கழிச்சு என் முழங்காலைக் காப்பாத்துச்சு.

நாங்க போன நேரம்தான் சரியில்லை. அக்டோபர்ல போறதுன்னு ரூம் எல்லாம் போட்டாச்சு. கிளம்ப மூணு வாரம் இருக்கும்போது எனக்கு வேலை போச்சு. எச்-1பி விசாவுல இருக்கவங்களுக்குத் தெரியும், வேலை போன நாள்ல இருந்து 60 நாள். அதுக்குள்ள வேற வேலை கிடைக்கணும், இல்லேன்னா மூட்டை கட்டணும். என் கணவர் இருந்தது எச்-4ல, என்னைச் சார்ந்த விசா. நான் போனா அவனும் போகணும். (அவன்னு சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, காலேஜ்ல ஒரே வகுப்பு. ரெண்டு பேரும் சிவில். நான் ஐடிக்குப் போயிட்டேன், அவன் சென்னையில பாலம் டிசைன் பண்ணிட்டிருந்தான். கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து மூணு வருஷம், விசாவால வேலை பார்க்க முடியாம வீட்டுல.)

39 நாள் பாக்கி. "இப்ப ஊர் சுத்துறது தேவையா"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. ரூம் காசு திரும்பி வராது, நாலு நாள்ல உலகம் முழுகிடாதுன்னு கிளம்பிட்டோம். வழியில விசா பேச்சு எடுக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்.

முதல் நாள் ஹோம்ஸ்டெட் வழியா போகுது. 1892ல பெரிய வேலைநிறுத்தம் நடந்த எஃகு ஆலை இருந்த இடம். இப்ப ஷாப்பிங் வளாகம், ஓரமா வரிசையா செங்கல் புகைபோக்கிகள் மட்டும் நிக்குது. அந்த ஆலை மூடினது 1986. இந்த டிரெயிலோட முதல் துண்டு, ஒஹையோபைல்ங்கிற ஊர்ல, திறந்ததும் அதே 1986தான். முழுசா சேர்ந்து முடிய 2013 ஆச்சு.

அப்புறம் ஆத்தோரமாவே பாதை. ஆத்துப் பேரை எழுதினா நாக்கு சுளுக்கிக்கும், உள்ளூர்க்காரங்க சுருக்கமா 'யாக்'னு சொல்றாங்க. ஒரு இடத்துல பாறையில செக்கச்செவேல்னு தண்ணி வழியுது. பழைய நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து வர்ற இரும்புத் தண்ணி. அங்கேதான் எனக்கு பஞ்சர். டியூப் மாத்திட்டு, கட்டிட்டு வந்த புளிச்சோத்தைப் பாறை மேல உக்காந்து சாப்பிட்டோம். ரெண்டாம் நாள் மழை. பாதை முழுக்க பொடிச்ச சுண்ணாம்புக்கல், நனைஞ்சா மாவு மாதிரி செயின்ல ஒட்டிக்கும். சாயங்காலம் ரூம்ல சைக்கிள் துடைக்கிறதே பெரிய வேலை.

மூணாம் நாள் சாலிஸ்பரி வயடக்ட். 1912ல கட்டின இரும்புப் பாலம், 1,908 அடி நீளம். கீழ ஆறு, ஹைவே, வயல். நான் போட்டோ எடுத்துட்டுத் திரும்பினா அவன் கைப்பிடி மேல சாஞ்சு கீழ தூண்களையே பார்த்துட்டிருக்கான். "இது எப்படி பாரத்தைக் கீழ இறக்குது பாரு"ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினான். கல்யாணத்துக்கு முன்னாடி கேட்ட குரல் அது.

அன்னிக்கு ராத்திரி மையர்ஸ்டேல்ல ஒப்பந்தத்தை அவன்தான் முறிச்சான்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"உனக்கு வேலை கிடைக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். ஆனா கிடைக்கலைன்னா எனக்கு வருத்தமா இருக்காது."

எனக்குக் கோபம் வந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஊர்ல வீட்டுக் கடன் ஓடுது, அது என் டாலர் சம்பளத்தை நம்பி வாங்கினது. "உனக்குப் பாலம், எனக்கு இஎம்ஐயா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம விளக்கை அணைச்சுட்டான். தூரத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் ஹாரன் விடிய விடிய. அந்தப் பக்க லைன் இன்னும் ஓடுது.

அங்க ஒரு சட்டம் இருக்கு. ரயில் கம்பெனி ஒரு பாதையைக் கைவிட்டா, நிலம் பல இடங்கள்ல பக்கத்து நிலக்காரங்களுக்குப் போயிடும். 1983ல திருத்தம் கொண்டுவந்தாங்க: டிரெயிலா வெச்சிருந்தா அது கைவிட்ட பாதை இல்லை, பின்னாடி ரயில் வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம். இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஊர்தான். நான் போடிக்காரி. 2010 கடைசியில மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதைக்காக நிறுத்தினாங்க. நான் ஸ்கூல் முடிச்சு, காலேஜ் முடிச்சு, கல்யாணமும் ஆச்சு, ரயில் வரலை. தேனிக்கு 2022, போடிக்கு 2023.

நாலாம் நாள் காலையில ரெண்டு பேரும் பேசாம ஓட்டினோம். உச்சி தாண்டினதும் பிக் சாவேஜ் சுரங்கம், ஒரு கிலோமீட்டர். உள்ள விளக்கு இருக்கு, ஆனாலும் ஜில்லுனு இருட்டு. நடுவுல அவன் நின்னு எனக்காகக் காத்திருந்தான். "45வது நாள் வரைக்கும் தேடுறேன். அதுக்கப்புறம் டிக்கெட். ஆனா கடன்ல பாதி உன் பொறுப்பு"ன்னேன். சரின்னான். சுரங்கத்துல சொன்னது நாலு தடவை எதிரொலிச்சதுனால மாத்திப் பேச வழியில்லை. அங்கிருந்து கம்பர்லாந்து வரைக்கும் இறக்கம்தான், 20 மைலுக்கு மேல, பெடலே மிதிக்க வேண்டாம்.

வேலை கிடைக்கலை. 52வது நாள் சென்னைக்கு ஏறினோம். அவன் இப்ப பழையபடி பாலம் டிசைன். எனக்கு அங்க வாங்கினதுல மூணுல ஒரு பங்கு சம்பளம், கடன் தவணையை நீட்டி வாங்கியிருக்கோம். மாசக் கடைசி வந்தா இன்னும் சண்டை வரும்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: டிசம்பர்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் அந்தச் சுரங்கத்தை மூடிடுவாங்க, அதைப் பார்த்து தேதி போடுங்க. பஞ்சர் டியூப் ரெண்டு எடுத்துக்கோங்க. புளிச்சோறு ரெண்டு நாள் தாங்கும், தயிர் சோறு தாங்காது.