சிறைக்கதவும் மருத்துவக் கடனும்



சிறைப்பட்டவர் தமக்கு வேண்டிய மருத்துவரைத் தாமே தேடிச் செல்ல இயலுமோ? கதவைப் பூட்டிய அரசன்றோ அவர் நோய்க்கும் பொறுப்பு?

1973-இல் அமெரிக்காவின் தெக்சாசுச் சிறையில், சரக்குந்திலிருந்து பஞ்சுப்பொதி இறக்கிய கேம்பிள் என்பார்மேல் பொதி வீழ்ந்தது, முதுகு நொந்தது. அவர் கைப்பட எழுதிய முறையீடு உச்சமன்றம்வரை சென்றது. சிறையாளரின் கடுநோயை அறிந்தே புறக்கணித்தல், அரசியல் சட்டத்தின் 8-ஆம் திருத்தம் விலக்கிய கொடிய ஒறுப்பே என 1976-இல் அம்மன்றம் உரைத்தது. ஆயின், மருத்துவர்மீது தொடுத்த வழக்கில் கேம்பிள் தோற்றார்! மூன்று திங்களில் அவரை 17 முறை பார்த்தனராம். மருத்துவரின் வெறும் பிழை கொடுமையாகாதாம்!

பிழையாலும் உயிர் போகுமன்றோ? பிறர் உள்ளத்து எண்ணத்தைச் சிறைக்குள் இருப்பவர் எங்ஙனம் மெய்ப்பிப்பார்? சிறை அலுவலரிடமே முதலில் முறையிட்டு முடித்தபின்தான் வழக்காடலாம் என, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை மேலும் குறுக்கிற்று.

கலிபோர்னியாவில் ஏறத்தாழ 80,000 பேர்க்கெனக் கட்டிய சிறைகளில் இருமடங்கினரை அடைத்தனர். தவிர்த்திருக்கக்கூடிய சாவு 6, 7 நாளுக்கு ஒன்றாயிற்று. அடைபட்டோர் தொகையைக் குறைக்கவேண்டும் என்னும் ஆணையை 2011-இல் உச்சமன்றம் உறுதிசெய்தது.

ஒறுப்பு விடுதலையைப் பறிக்கலாம். மருந்தை மறுத்து உயிரைப் பறித்தலாகாது. பூட்டிய கைக்கே காக்கும் கடனும் உண்டு!