சோம்பல் அல்ல, சோகை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் சந்தையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். நான் பேராசிரியன் அல்ல. 1977-ல் இங்கே பி.ஏ. பொருளியல் முடித்தேன். பிறகு முப்பத்தைந்து வருஷம் பஞ்சாலைகளில் பர்சனல் ஆபீசர் உத்தியோகம். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, சில நேரம் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்புவது, இதுதான் என் பிழைப்பு. ஆகவே இங்கே படித்ததையும் மில்லில் பார்த்ததையும் அருகருகே வைத்துச் சொல்கிறேன்.

இந்தக் கட்டடத்தின் மாடி வகுப்பில்தான் ஆடம் ஸ்மித்தைப் படித்தோம். 1776-ல் வெளிவந்த நூலில் அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். கஷ்டமான, அசுத்தமான, மதிப்புக் குறைந்த வேலை என்றால் அதற்குக் கூலி கூடுதலாக இருக்கும். இல்லாவிட்டால் ஆள் வராது. பரீட்சையில் அதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன்.

மில்லுக்குப் போனபிறகு பார்த்தால் கதை தலைகீழாக இருந்தது. பஞ்சு மூட்டையைப் பிரித்து அடிக்கிற ப்ளோரூமிலும், அடுத்த கார்டிங் பகுதியிலும்தான் தூசி அதிகம். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். கூலி ஒன்றும் கூடுதல் இல்லை. அப்படியானால் ஸ்மித் சொன்னது தப்பா? தப்பில்லை. வேலைக்கு வருகிறவன் "மாட்டேன்" என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் அந்தக் கணக்குப் பலிக்கும். "மாட்டேன்" என்று சொல்ல அவனுக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும். அந்த வேலையைத் தேடுகிற ரெண்டு மாசத்துக்கு வீட்டில் அரிசியும் இருக்க வேண்டும்.

பருத்தித் தூசியால் பிசினோசிஸ் என்று ஒரு நுரையீரல் நோய் வரும். அதன் ஆரம்ப அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். மறுநாள் தேவலாம் போலிருக்கும். பல வருஷம் தூசியிலேயே நின்றால் வாரம் முழுக்க மூச்சு முட்டும். ஈ.எஸ்.ஐ. சட்டம் இதைத் தொழில்சார் நோயாக அட்டவணையில் சேர்த்திருந்தது. ஆனால் எங்கள் மேஸ்திரியின் அட்டவணையில் இதற்கு வேறு பெயர். "லீவு முடிஞ்சு வந்தா இவனுகளுக்கு உடம்பு வளையாது சார்" என்பார். நானும் தலையாட்டினேன். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு நோயும் சோம்பலும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இனி நான் சொல்லப் போவது என் தவறு. இந்த மேடையில் சொன்னால்தான் மனசு ஆறும்.

2004-ம் ஆண்டு. நான் வேலை பார்த்த மில்லில், கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை எடுத்து, வளாகத்து விடுதியிலேயே தங்கவைத்து வேலை வாங்கினோம். மூன்று வருஷம் முடித்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோர் அனுப்பிவைப்பார்கள். நடுவில் நின்றால் அந்தத் தொகை கிடையாது. எட்டாவது வரை படித்த ஒரு பெண் இரண்டே முக்கால் வருஷம் முடித்திருந்தாள். வந்த புதிதில் அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்டியவள், கடைசி ஆறு மாதமாகத் தளர்ந்து போனாள். மேஸ்திரி மூன்று முறை புகார் எழுதினார். ஒருநாள் ராத்திரி ஷிப்டில் மிஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். "வேலைக்குத் தகுதியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். தகப்பனார் வந்து கூட்டிக்கொண்டு போனார். நீட்டின காகிதத்தில் எதுவும் கேட்காமல் கைநாட்டு வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, மில்லுக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என் அறைக்கு வந்தார். "ஹீமோகுளோபின் ஆறரைதான் சார் இருக்கு. பன்னிரண்டாவது இருக்கணும். அந்தப் பொண்ணுக்குச் சோம்பல் இல்ல, ரத்தம் இல்ல. எங்க அவ?"

"கணக்கு முடிச்சாச்சு மேடம்" என்றேன்.

அந்தத் தொகையையாவது கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதற்கு ஆதாரம் வெகுநாளாகவே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1979-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மறு பகுதியினருக்கு வெறும் மாத்திரை. இரும்புச்சத்து பெற்றவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். சோகை கடுமையாக இருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகம். கை அதேதான், செடியும் அதேதான். கூடினது ரத்தம் மட்டும்.

சரி, தெரிந்தபிறகு நான் என்ன செய்தேன்? வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மன்றாடி அனுமதி வாங்கினேன். மாத்திரை கொடுக்கத்தான் கேட்டேன். ஆறே மாதத்தில் அது வேறாகிவிட்டது. ரத்தம் குறைந்த பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். சிகிச்சைக்காக வைத்த பரிசோதனை சல்லடையாகிப் போயிற்று. வைத்தியம் வேலையோடு சேர்ந்து வராவிட்டால், பரிசோதனை ஏழையை வெளியே தள்ளத்தான் உதவும் என்பதை அன்று கற்றேன். சண்டை போட்டு, எடுத்தபிறகுதான் பரிசோதனை என்று மாற்ற இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். பத்தாவது முடித்த பெண்கள் காகிதத்தைப் படித்துப் பார்த்தார்கள். "இது என்ன சார், நடுவுல நின்னா ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு விதியைத் தளர்த்தினோம். அவர்கள் மற்றவர்களைவிட வேகமாக நூல் நூற்றார்களா? இல்லை. படிப்பு கைக்கு வேகம் தருவதைவிட வாய்க்குத் தைரியம் தருகிறது. ஷுல்ட்ஸ், பெக்கர் போன்ற அறிஞர்கள் மனித மூலதனம் என்று எழுதியது உண்மைதான். ஆனால் படிப்பின் இந்தப் பக்கத்தை எனக்குக் காட்டியது அந்தப் பெண்கள்தான்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்குச் சோகை. இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நால்வருக்கு மேல் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நம்பிக்கை தருகிற செய்திகளும் உண்டு. 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு, இவற்றையெல்லாம் தர்மமென்று சிலர் பேசுகிறார்கள். பிள்ளை பள்ளியில் தங்கவும், உடம்பில் ரத்தம் ஊறவும் போடுகிற சோறு, பத்து வருஷம் கழித்து அவன் வாங்கப்போகும் கூலிக்கும் போடுகிற அஸ்திவாரம். கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடைப் பணியாளர்கள் உட்கார ஆசனம் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. பத்து மணி நேரம் நின்று பாருங்கள், சிரிப்பு வராது.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்காருவீர்கள். ஒருவர் பெயருக்கு எதிரே "தகுதியில்லை" என்று எழுதப் பேனாவைத் திறக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இவர் என்ன சாப்பிட்டு வருகிறார்? எதுவரை படிக்க விட்டார்கள்? நாம் இவரை எங்கே நிற்க வைத்தோம்? நான் கேட்காமல் போட்ட கையெழுத்து ஒன்று இருபது வருஷமாக என் கூடவே வருகிறது. உங்களுக்கு அது வேண்டாம்.