சகோதர உதவி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர் அவையில் படையெடுப்பைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்ட படையெடுப்பு, சொல்லுக்கு அஞ்சி நிகழ்ந்தது. 1968 ஆகஸ்ட் 20ஆம் நாள் இரவு சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன.

அந்நாடு வார்சா உடன்படிக்கையை விட்டு விலகிவிடுமோ என்ற அச்சம் மாஸ்கோவுக்கு இருந்தது. எனினும் விதை 1967ஆம் ஆண்டு எழுத்தாளர் மாநாட்டில் விழுந்தது. வாட்சுலீக், குந்தேரா முதலியோர் தணிக்கையை அங்கே வெளிப்படையாகச் சாடினர். மறு ஆண்டு துப்செக் தலைமைக்கு வந்தார். ஜூன் திங்களில் தணிக்கை ஒழிந்தது. அதே திங்களில் வாட்சுலீக் எழுதிய ‘இரண்டாயிரம் சொற்கள்’ அறிக்கையை எதிர்ப்புரட்சி என்றது மாஸ்கோ. ஓர் எழுத்தாளனின் கட்டுரை வல்லரசை அத்துணை கலக்கிற்று!

படையெடுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சகோதர உதவி’. அந்நாட்டுத் தலைவர்களே அழைத்தனர் என்றார்கள். அழைத்தவர் யார் என்று சொல்லவில்லை. மக்களோ தெருப்பெயர்ப் பலகைகளைக் கழற்றி எறிந்தனர். வந்த படைக்கு ஊர் ஊமையாயிற்று. பாதுகாப்பு அவையில் கண்டனத் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களியாது விலகி நின்றதையும் நாம் மறைக்கலாகாது.

ஆகஸ்ட் 25ஆம் நாள் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எண்மர் அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். அவர்களுள் நடாலியா கோர்பனெவ்ஸ்கயா என்னும் கவிஞர் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பின்னாளில் அவரை மனநோய்ச் சிறையில் அடைத்தார்கள். படையெடுத்த நாட்டின் தலைநகரிலேயே, தம் அரசை எதிர்த்து அமர்ந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1969 ஜனவரியில் தணிக்கையை நீக்கக் கோரித் தீக்குளித்தான் யான் பாலாக் என்னும் மாணவன். ஏப்ரலில் துப்செக் நீக்கப்பட்டார். பின்னர் எழுத்தாளர் சங்கம் கலைக்கப்பட்டது. எழுத்தாளர் சிலர் கொதிகலனுக்குக் கரி அள்ளினர், சிலர் சன்னல் துடைத்தனர். நூல்கள் கரித்தாள் வைத்துத் தட்டச்சிட்ட படிகளாகக் கைமாறின. கடைசிப் படியில் எழுத்து மங்கிக் கிடக்கும். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்கள். பாராமுகமாக ஒதுக்கப்பட்ட முதுகவிஞர் சைஃபர்ட்டின் கவிதைகளும் இவ்வாறே உலவின. 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சோவியத் படை 1991இல்தான் முற்றாக வெளியேறியது. அந்த அழைப்புக் கடிதம் மெய்யாகவே இருந்தது. மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில், திறக்கலாகாது என்ற குறிப்புடன் கிடந்த அதனை, 1992இல் எல்ட்சின் நாடகாசிரியர் ஹாவெலின் அரசிடம் ஒப்படைத்தார். அதில் ஐவர் கையொப்பமிட்டிருந்தனர். தம் நாட்டுக்குள் அயற்படையை அழைத்த அக்கடிதத்தை அவர்கள் ருசிய மொழியில் எழுதியிருந்தார்கள்.