பங்கு இருந்தும் பயனில்லையா?



மரம் வெட்டிச் சேர்த்த காசில் நாலு பேர் கூடிக் கம்பெனி தொடங்கலாமா என்று எங்களைக் கேட்கிறீர்கள். முதலில் லண்டன் கம்பள வியாபாரி எப்ராகிமியின் வழக்கைக் கேளுங்கள்.

அவரும் நாசரும் நெடுநாள் கூட்டாளிகள். 1958இல் தொழிலைக் கம்பெனியாக்கினார்கள். பிறகு நாசரின் மகனும் சேர, இருவரும் ஆளுக்கு 100 பங்கு கொடுத்தார்கள். ஆக 400, 400, 200. அப்பனும் மகனும் ஒன்றானார்கள். 1969இல் எப்ராகிமியை டைரக்டர் பதவியிலிருந்து நீக்கினார்கள். லாபமெல்லாம் டைரக்டர் சம்பளமாகவே போன கம்பெனி அது, டிவிடெண்டே கிடையாது. பங்கை விற்கவோ அவர்கள் சம்மதம் வேண்டும்! நீக்கியது சட்டப்படிதான், ஆனாலும் நம்பிக்கையில் சேர்ந்தவரைத் தள்ளியது நியாயமல்ல என்று 1972இல் பிரபுக்கள் சபை கம்பெனியையே கலைக்கச் சொன்னது.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 346ஆம் பிரிவில், அவர் பங்கை மற்றவர் விலைக்கு வாங்கும்படியும் கோர்ட்டு உத்தரவிடலாம். வழக்குச் செலவுக்கு எங்கே போவோம்? விலகுபவர் பங்கை யார், என்ன விலைக்கு எடுப்பது என்று முன்பே எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தை யூனியன் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம்.